உங்களுக்கு எப்படித் தெரியும், ரீச்சர்?

யாழ்ப்பாணத்தில் தரம் ஆறுக்கு வரலாறு படிப்பிக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருசம். வருசம் தொடங்கி முதல் கிழமையிலேயே பெற்றோர் சிலர் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரீச்சர், பிள்ளைக்கு எதெதைப் பாடமாக்கிக் குடுக்க வேணும்?" போன கிழமையும் ஒரு அம்மா கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது, நின்று கதைக்க நேரமில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நீண்டுதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டும் பெயரும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாதாரண தரம் வரைக்கும் வரலாறு கட்டாய பாடம். பரீட்சை மண்டபத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஆண்டு தெரியத்தான் வேண்டும். அதெல்லாம் பத்தாம், பதினோராம் ஆண்டில் படித்துக்கொள்ளலாம். பதினொரு வயதில் பழக வேண்டியது வேறு. புத்தகம் சொன்னாலும், அப்பா சொன்னாலும், நானே சொன்னாலும், "இது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பழக்கம். பண்டைய வரலாறு அதைப் பழக நல்ல இடம். அங்கே நடந்ததைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இன்றைக்கு இல்லை. ஓட்டுத் துண்டும் எலும்பும் கல்லெழுத்தும்தான் சாட்சி.

என் வகுப்பில் கொப்பியின் ஓரத்தில் மூன்று குறி போடச் சொல்லுவேன். "க" என்றால் கண்டெடுத்தது. "சொ" என்றால் சொல்லிவந்தது. "ஊ" என்றால் ஊகம். முதல் மாதம் எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றுக்கும் "க" போட்டுக்கொண்டு வரும். சிங்களவரின் முதல் அரசன் என்று சொல்லப்படுகிற விஜயன் எழுநூறு பேரோடு இலங்கையில் வந்து இறங்கினான் என்பதற்கும் "க". யாழ்ப்பாடி யாழ் வாசித்து மணற்றிடரை, அதாவது இந்த யாழ்ப்பாணத்தைப் பரிசாகப் பெற்றான் என்பதற்கும் "க". "ஆர் கண்டது? எங்க கண்டெடுத்தது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு சொல்லுவேன். மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில். விஜயன் வந்ததாக அது சொல்லும் காலத்துக்கும் அதை எழுதிய காலத்துக்கும் நடுவில் ஏறத்தாழ ஆயிரம் வருசம். யாழ்ப்பாடி கதையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை எழுதப்பட்டது ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில். பிள்ளைகள் தாங்களாகவே இரண்டையும் அழித்துப் போட்டு "சொ" என்று எழுதுவார்கள். ஒன்றை அழித்து மற்றதை அப்படியே விட்டுவைக்கப் பார்க்கிற பிள்ளையும் வருசத்துக்கு ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளையோடு கொஞ்சம் கூடுதலாக மினக்கெடுவேன். சொல்லிவந்த கதையைக் குறைவாக நான் நினைப்பதில்லை. ஒரு சனம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு அந்தக் கதைதான் சாட்சி. ஆனாலும் அதற்குரிய குறி "சொ"தான்.

சில வருசத்துக்கு முதல் என் மகளின் தவணைப் பரீட்சைத் தாளைப் பார்த்தேன். அவள் படித்தது வேறொரு பாடசாலை. எகிப்திய நாகரிகம் நைல் கரையில் வளர்ந்ததற்குக் காரணம் என்ன என்று கேள்வி. "ஆறு ஒவ்வொரு வருசமும் பெருகும். வற்றும்போது புது மண்ணை விட்டுவிட்டுப் போகும். அதனால் பசளை போடாமலே விளையும்" என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு வெட்டு. நோட்ஸில் இருந்தது "எகிப்து நைல் நதியின் கொடை" என்ற வசனமாம், அதை எழுதவில்லையாம். அவள் எழுதியதுதானே விளக்கம்? அதற்குப் பிறகு அவள் வரலாற்றுக்குச் சொந்தமாக ஒரு வசனம் எழுதவே இல்லை. நோட்ஸில் உள்ளதை உள்ளபடியே எழுதி எண்பது, எண்பத்தைந்து என்று எடுத்தாள். அந்த வெட்டுக்கோடு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என்னிடம் வருகிற பிள்ளை சொந்த வசனத்தில் எழுதட்டும். பிழையாக இருந்தால் பக்கத்தில் நாலு வரி நான் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். குறுக்கே வெட்டமாட்டேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஆற்றங்கரை நாகரிகம் படிப்பிப்பது லேசான வேலையில்லை. நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த சனம். ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். மழை விட்டுத் தண்ணீர் வற்றினபிறகு அராலிப் பக்கம் வயலில் என்ன கிடக்கும் என்று பார்த்து வரச் சொன்னேன். "சேறு, ரீச்சர்." அந்தச் சேறுதான் எகிப்து என்றேன். எகிப்தியர் தங்கள் நாட்டைக் "கெமெத்" என்றார்கள், கறுப்பு நிலம். ஆற்றுக்கு அப்பால் கிடந்த பாலைவனம் "தெஷ்ரெத்", சிவப்பு நிலம். இதைச் சொன்னதும் இணுவில் பக்கத்துப் பொடியன் ஒருவன் எழும்பினான். "ரீச்சர், எங்கட தோட்டம் சிவப்பு மண்தானே? அதிலதானே வெங்காயமும் போயிலையும் வைக்கிறம்?" அவனுக்குச் சிவப்பு மண் என்றால் விளைச்சல். எகிப்தியனுக்கு அது ஒன்றும் முளைக்காத வெளி. ஒரே நிறம் இரண்டு ஊரில் இரண்டு சங்கதி சொல்கிறது என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். உடனே பின்வாங்கில் இருந்து ஒருத்தி: "அங்க மழை குறைவெண்டு சொன்னீங்கள். பிறகு வெள்ளம் எங்கேயிருந்து வாறது?" அட்லஸை விரித்து எத்தியோப்பிய மலைகளைக் காட்டினேன். அங்கே பெய்கிற மழைதான் எகிப்தில் வெள்ளமாக வந்தது. அன்றைக்கு நோட்ஸ் ஒரு வரியும் எழுதவில்லை. அதிபரிடம் அதற்கும் பேச்சு வாங்கினேன்.

அந்த வழுக்கையாற்றுப் பக்கம்தான் கந்தரோடை. ஒரு நூற்றாண்டுக்கு முதல் போல் பீரிஸ் என்ற வரலாற்றாய்வாளர் அங்கே ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தது. ரோம நாணயங்களும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்த இடம் அது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பொடியன் ஒருவன் ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஓட்டுத் துண்டொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உள்ளங்கை அகலம். உள்பக்கம் கரிக்கறுப்பு, வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே கீழ்ப்பக்கம் செங்கட்டிச் சிவப்பு. விரலால் தடவினால் வழுவழுப்பு. "ரெண்டு நிறம் பூசியிருக்கினம், ரீச்சர்" என்றான். பூசவில்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள். காற்றுப் போகாத உள்பக்கம் கறுத்துவிட்டது, காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்துவிட்டது. இதைச் சொன்னதும் அவன் அந்தத் துண்டை மேசையில் கவிழ்த்து வைத்து, நெருப்பு எந்தப் பக்கம், சாம்பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டத் தொடங்கிவிட்டான்.

பிறகு கேட்டேன், எங்கே எடுத்தாய், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறென்ன கிடந்தது? "கிணத்தடியில. வேற ஒண்டும் நான் பாக்கேல்லை." எனக்குக் கவலை அதில்தான். கிடந்த இடத்தைவிட்டு எடுத்தவுடன் அந்த ஓட்டின் பாதிக் கதை போய்விடுகிறது. ஆனைக்கோட்டை முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றை அகழ்ந்தபோது கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி என்ற பழங்கால எழுத்து. புதைகுழியோடு சேர்த்துக் கண்டதால்தான் அதைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது. அதே முத்திரை ஒரு நகைக்கடைப் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்திருந்தால் யார் என்ன சொல்லமுடியும்? பொடியனிடம் அந்தத் துண்டை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். இனி ஏதும் கண்டால் தொடாமல், இடத்தைக் கீறி வைத்துக்கொண்டு பெரியவர்களுக்குச் சொல் என்றேன். அடுத்த நாள் கிணறு, வேலி, பூவரசு, துண்டு கிடந்த இடம் எல்லாம் போட்டு ஒரு படம் கீறிக்கொண்டு வந்தான். எத்தனை அடி என்றும் எழுதியிருந்தான். அந்த ஒரு பக்கத்துக்கு நான் முழு மாக்ஸ் கொடுப்பேன்.

வல்லிபுரம் பொன்னேட்டைப் படிப்பிக்கும் நாளுக்கு மட்டும் நான் முதல் இரவே ஆயத்தப்படுவேன். 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த சின்னப் பொன் தகடு. எழுத்து பிராமி. ஏறத்தாழ 1900 வருசத்துக்கு முந்தியது. அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில், இசிகிரய என்ற அமைச்சன் நாகதீவை ஆண்டபோது, பியகுகதிஸ்ஸ என்பவர் ஒரு விகாரை கட்டினார் என்கிறது. இவ்வளவுதான் செய்தி. இதை வைத்துத் தமிழர், சிங்களவர் இரண்டு பக்கமும் எத்தனை சண்டை! ஒருவருக்கு இதைச் சொல்லவே பயம், மற்றவருக்கு இதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாது. நான் பிள்ளைகளிடம் அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று இரண்டு பட்டியல் கேட்பேன். இந்த ஊருக்கு அப்போது "நாகதீவு" என்ற பெயர் இருந்தது என்று சொல்கிறது. இங்கே பௌத்தம் இருந்தது என்று சொல்கிறது. வீட்டில் சனம் என்ன மொழி பேசியது என்று சொல்லவில்லை. இன்றைக்கு இந்த நிலம் யாருடையது என்றும் சொல்லவில்லை. போன வருசம் ஒரு பிள்ளை, "அப்ப இந்தத் தகட்டை வைச்சுச் சண்டை பிடிக்கேலாதே, ரீச்சர்" என்றது. நான் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல அது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிரமிட்டைக் கட்டியதே தமிழர்தான், உலகின் முதல் மனிதன் பேசியதே தமிழ்தான் என்ற வீடியோக்களைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு அனுப்பாதீர்கள். தமிழின் பழமைக்குப் பொய் தேவையில்லை. எகிப்தில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பப்பிரசு என்ற நாணல் தாளில் எழுதிய ஏடுகள் கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு துரா என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, படகில் கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்கியதை நாள் நாளாக எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் குஃபு மன்னனின் பெரிய பிரமிட்டுக்கு. 4500 வருசத்துக்கு முந்திய வேலைக்குறிப்பு அது. சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் கிணறு தோண்டுகிற எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் பாரம் நன்றாகவே விளங்கும். அந்த வேலைக்காரரின் உழைப்பை எடுத்து எங்கள் பெயரில் எழுதுவது களவு. எங்களைப் பற்றி இன்னொருவர் அப்படி எழுதினால் எங்களுக்கு எவ்வளவு நோகும்?

மெசப்பொத்தேமியாவுக்கு வந்தால் களிமண் வேண்டும். இன்றைய ஈராக் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய சனம் ஈரக் களிமண் பலகையில் நாணல் தண்டால் எழுதினார்கள். ஐஸ்கிறீம் தடியைக் கொடுத்து முதலில் "ழ" எழுதச் சொல்லுவேன். களிமண் இழுபட்டுச் சுருண்டு எழுத்தே தெரியாமல் போகும். பிறகு தடியின் மூலையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுவேன். ஆப்பு மாதிரி சுத்தமான பள்ளம் விழும். ஏன் அவர்களின் எழுத்து ஆப்பு வடிவமானது என்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. மிகப் பழைய பலகைகளில் கூடுதலாக இருப்பது பார்லி, ஆடு, பியர் என்று வரவு செலவுக் கணக்கு. "சங்கக்கடைக் கொப்பி மாதிரி" என்று ஒரு பொடியன் சொன்னான், சரியாகத்தான் சொன்னான்.

கி.மு. 612இல் மெசப்பொத்தேமியாவின் நினிவே நகரம் எரிந்தது. அசுர்பனிபால் மன்னனின் நூலகம் அங்கே இருந்தது. நெருப்பில் பல பலகைகள் சுடுபட்டு இன்னும் இறுகி, மண்ணுக்குள் கிடந்து, எங்கள் காலம் வரை வந்து சேர்ந்தன. இதைச் சொல்லி முடித்தபோது முன்வாங்கில் இருந்த பிள்ளை கையில் களிமண்ணோடு கேட்டாள்: "எங்கட லைப்ரரியில இருந்ததெல்லாம் களிமண்ணில எழுதியிருந்தா மிஞ்சியிருக்குமோ, ரீச்சர்?"

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். கடதாசி, ஏடு. அவளின் அம்மாவே அப்போது பிறந்திருக்கமாட்டா. நான் "ஓம், பிள்ளை. கொஞ்சம் மிஞ்சியிருக்கும்" என்றேன். அவள் குனிந்து தன் பலகையில் திரும்பவும் அழுத்தத் தொடங்கினாள். வகுப்பில் அதற்குப் பிறகு ஒருவரும் சத்தம் போடவில்லை.

வாசலில் கேட்ட அந்த அம்மாவுக்கு: பாடமாக்க இப்போதைக்கு ஒன்றும் இல்லை. புதன்கிழமை மூன்றாம் பாடம் வரலாறு. ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு கைப்பிடி களிமண் ஈரத்துணியில் சுற்றி, ஒரு ஐஸ்கிறீம் தடி, கை துடைக்கப் பழந்துணி. இவற்றைக் கொடுத்துவிடுங்கள்.