யாரோடு ஓடி ஜெயித்தது?

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். இங்கே சிங்கப்பூரில் ஜூரோங் கிடங்கிலிருந்து கிளம்பும் லாரிகள் எந்த வரிசையில் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதைக் குவாண்டம் முறையில், அதாவது நுண்துகள் உலகத்தின் விதிகளை வைத்துக் கணக்குப் போடும் புதுவகைக் கணினியில் செய்தால் 40 மடங்கு வேகம் என்று திரையில் ஒரு படம் காட்டினார்கள். எதைவிட 40 மடங்கு என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, எங்களுடைய இப்போதைய நிரலைவிட என்றார்கள். அந்த நிரலை எழுதிய புண்ணியவான் நான்தான். 2016-ல், அவசரத்தில், நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு முந்தின வாரம் முடித்தது. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அதோடு பந்தயம் வைப்பது தூங்குகிறவனோடு ஓடி ஜெயிப்பது மாதிரி.

அன்று ராத்திரி ஈசூன் வீட்டில் பிள்ளைகள் படுத்தபிறகு நிரலைத் திறந்தேன். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலான தூரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது, வெட்கக்கேடு. ஒரே முறை கணக்கிட்டு அட்டவணையில் போட்டுவைத்தேன். அவ்வளவுதான், 25 மடங்கு வேகம், அதே பழைய மடிக்கணினியில்.

நம்முடைய சின்ன விஷயத்தை விடுங்கள். பெரிய இடத்திலும் கதை இதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2019 அக்டோபரில் கூகள் தன் சிக்கமோர் சிப்பை வைத்து, 53 கியூபிட்டுகளில் (சாதாரணக் கணினிக்கு பிட் மாதிரி, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு), 200 வினாடியில் ஒரு கணக்கை முடித்துவிட்டதாகவும், அன்றைக்கு உலகின் முதலிடத்தில் இருந்த சம்மிட் சூப்பர் கணினிக்கு அது 10,000 ஆண்டு பிடிக்கும் என்றும் அறிவித்தது. நம் பக்கத்துப் பத்திரிகைகள்கூடக் கொட்டை எழுத்தில் போட்டன. கூகளின் ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்குள்ளேயே ஐபிஎம், இரண்டரை நாள் போதுமே என்றது. ஒவ்வொரு கியூபிட் கூடும்போதும் அவற்றின் மொத்த நிலையைச் சாதாரணக் கணினியில் எழுதிவைக்க நினைவகம் இரட்டிப்பாகும். 30 கியூபிட்டுக்கு நல்ல மடிக்கணினி தாங்கும், 53-க்குப் போனால் எந்த நினைவகமும் தாங்காது என்பதுதான் கூகளின் கணக்கு. ஐபிஎம் சொன்னது, நினைவகம் போதாவிட்டால் என்ன, சம்மிட்டிடம் 250 பெட்டாபைட் ஹார்ட் டிஸ்க் சும்மாதானே கிடக்கிறது, அதில் எழுதலாமே என்று. சூப்பர் கணினிக்கு ஆண்டுக்கணக்கு போட்டவர்களுக்கு டிஸ்க் ஞாபகம் வரவில்லை பாருங்கள்! ஐபிஎம் அதை ஓட்டிக் காட்டவில்லை, சொன்னதோடு சரி. ஆனால் 2022-ல் சீன ஆய்வாளர்கள் நிஜமாகவே ஓட்டிக் காட்டினார்கள்: 512 ஜிபியு (வரைகலைச் சிப்பு), சுமார் 15 மணி நேரம்.

அவர்கள் அந்த இயந்திரத்தை அப்படியே நகல் எடுக்கவில்லை என்பதுதான் இதில் ருசியான இடம். சிக்கமோர் தந்த விடைகளில் பெரும்பகுதி வெறும் இரைச்சல், அதாவது குருட்டாம்போக்கு விடை. அதன் துல்லியம் 0.2 சதவீதம் மாதிரி. அப்படியானால் போட்டிக்கு வரும் கணினியும் சுத்தமான விடை தர வேண்டியதில்லை, அதே அளவு மோசமாகத் தந்தால் போதும். மோசமாகச் செய்வதற்கு ஏகப்பட்ட குறுக்குவழி உண்டு.

டாக்சி அங்கிள் ஒருவர் சாங்கியிலிருந்து ஜூரோங்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால், அவருக்குத் தெரிந்த வழியில், பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில், அவ்வளவு ஆகும் என்றுதான் பொருள். அதற்கடுத்த அங்கிள் வேறெங்கோ திரும்பி நாற்பது நிமிடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். 10,000 ஆண்டு என்ற எண்ணும் அப்படித்தான். அது குவாண்டம் சிப்பின் குணம் அல்ல, எதிர்ப்பக்கத்தில் அன்றைய தேதிக்கு நமக்கு எவ்வளவு புத்தி இருந்தது என்பதன் அளவு.

இதே கூத்து ஐபிஎம்முக்கும் நடந்தது. 2023 ஜூனில் 127 கியூபிட் சிப்பில் ஒரு காந்தப் பொருளின் மாதிரியை ஓட்டி, இனி குவாண்டம் பயனுள்ள கட்டத்துக்கு வந்துவிட்டது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நியூயார்க்கின் ஃபிளாட்டிரன் இன்ஸ்டிடியூட் ஆட்கள் அதை மடிக்கணினியில் செய்துவிட்டார்கள், இன்னும் துல்லியமாக. கியூபிட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அளவு குறைவாக இருந்தால் முழு நிலையையும் எழுதிவைக்கத் தேவையில்லை, பின்னலை மட்டும் பிடித்துக்கொள்ளும் டென்சர் நெட்வொர்க் என்ற கணித முறை போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஈவின் டாங்குடையது. குவாண்டம் கணினிதான் வேகமாகச் செய்யும் என்று நம்பப்பட்ட ஒரு அல்காரிதம் இருந்தது, நீங்கள் பார்த்த படங்களை வைத்து அடுத்து எதைப் பார்ப்பீர்கள் என்று சொல்கிற வகை. சாதாரணக் கணினியால் அவ்வளவு வேகமாக முடியவே முடியாது என்று நிரூபித்துக் கொடு என்று பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன் இந்த மாணவரிடம் வேலையைக் கொடுத்தார். நிரூபிக்கப் போனவர், முடியும் என்று கண்டுபிடித்துக்கொண்டு திரும்பினார். 2018, வயது 18. கதவைப் பூட்டிவிட்டு வா என்று அனுப்பினால் திறந்துவைத்துவிட்டு வந்த மாதிரி.

சரி, அப்படியானால் குவாண்டம் எல்லாம் பித்தலாட்டமா? அதுவும் இல்லை. இங்கேதான் என் நண்பர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கோயில் வாசலில் சிதறுதேங்காய் உடைத்தால் எந்தச் சில் எங்கே விழும் என்று கணினியில் கணக்கிட நாள்கணக்காகும், தேங்காய் ஒரே நொடியில் 'செய்துவிடும்', அதற்காகத் தேங்காய் கணினியை ஜெயித்துவிட்டது என்போமா என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேங்காயிடம் நாளைக்கு வேறு கணக்கைக் கொடுக்க முடியாது. இந்தச் சிப்பிடம் முடியும், கேட் எனப்படும் செயல்படிகளை மாற்றிப் போட்டால் வேறு கணக்கு. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

2024 டிசம்பரில் வந்த கூகளின் வில்லோ சிப்பில் எல்லோரும் பேசியது ஐந்து நிமிடம், எதிரே சூப்பர் கணினிக்கு 1-க்குப் பின்னால் 25 சுழியம் போட்ட ஆண்டுகள் என்ற அந்த எண்ணை. என்னைக் கேட்டால் அதைத் தூக்கிக் குப்பையில் போடலாம். அந்தச் செய்தியில் உருப்படியான விஷயம் வேறு: பல கியூபிட்டுகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தியபோது, சேர்க்கச் சேர்க்கப் பிழை கூடாமல் ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைந்தது. இரைச்சல் குறைந்தால் மோசமாகச் செய்து தப்பிக்கும் குறுக்குவழிகள் அடைபட்டுவிடும். அப்போதுதான் பந்தயம் நிஜமாகும்.

போன வாரம் சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பி, வங்கிக் கணக்கையெல்லாம் உடைத்துவிடுவார்களாமே தம்பி என்று கேட்டிருந்தார். கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிய வழி அது, குவாண்டம் கணினியில் பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது; அது கடினம் என்பதை நம்பித்தான் வங்கிகளின் ரகசியப் பூட்டுகள் பல இருக்கின்றன. 2019-ல் அதற்கு 2 கோடி கியூபிட் தேவை என்று மதிப்பிட்ட கூகளின் கிரெய்க் கிட்னி 2025-ல் 10 லட்சத்துக்கும் குறைவு போதும் என்றார். கவனித்தீர்களா, வேகமாக வளர்வது சாதாரணக் கணினி பக்கத்துப் புத்தி மட்டுமல்ல, இந்தப் பக்கத்துப் புத்தியும்தான். அப்புறம், காரணி பிரிப்பது சாதாரணக் கணினிக்குக் கடினம் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. கடினமாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். ஆனாலும் பந்தயம் கட்டச் சொன்னால் இந்த ஒன்றில் மட்டும் நான் குவாண்டம் பக்கம்தான் கட்டுவேன், ஐம்பது ஆண்டாக எத்தனையோ மூளைகள் முட்டியும் திறக்காத கதவு அது. இன்றைய சிப்புகளில் இருப்பதோ சில நூறு, மிஞ்சிப்போனால் ஆயிரத்தைத் தொட்ட கியூபிட்டுகள். நம் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 பிப்ரவரியிலேயே வங்கிகளைத் தயாராகச் சொல்லிவிட்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் குவாண்டத்துக்கும் தாங்கும் புது மறையாக்கத் தர நிர்ணயங்கள் வந்துவிட்டன. வங்கிகள் மாற்ற வேண்டியதை மாற்றட்டும், நீங்கள் போய்க் காசை எடுக்க வேண்டாம் என்று சித்தப்பாவுக்கு எழுதினேன். கட்டைவிரல் படம் வந்தது, அடுத்த நிமிடம் வெந்தயம் பற்றி இன்னொரு செய்தி.

அரசாங்கம் இந்தத் துறைக்கு ஐந்தாண்டுகளுக்குக் கிட்டத்தட்ட 300 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கியிருப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒதுக்கட்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007-லிருந்து குவாண்டம் மையம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. குவாண்டம் பக்கத்தோடு, அதை மடிக்கணினியில் தோற்கடிக்கப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதில் கொஞ்சம் போனால் எனக்குச் சந்தோஷம்.

அந்த இரண்டு பேருக்கும் என் திருத்திய நிரலையும், ஒரு வாரத்து லாரி விவரங்களையும் அனுப்பி, இதோடு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மின்னஞ்சல் போட்டேன். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை.