சர்க்கரை 7 என்றால் எவ்வளவு?

தை, மாசி வந்தால் எங்கள் காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பந்தி முடிந்து முகப்பில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் சர்க்கரையில் வந்து நிற்கும். "எனக்கு ஏழுதான்" என்பார் ஈப்போ பெரியப்பா. "எனக்கு வெறும் வயித்துல 126. டாக்டர் மாத்திரை எழுதிட்டாரு" என்பார் தேவகோட்டை ஆச்சி. பெரியப்பா நிம்மதியாக இன்னொரு இனிப்பு ஆடிக்கூழ் வாங்கிக்கொள்வார்.

இரண்டும் ஒரே அளவு. மலேசியாவில் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு எத்தனை மில்லிமோல் என்று சொல்கிறார்கள். நாம் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். அங்கிருந்து இங்கே வர 18-ஆல் பெருக்க வேண்டும். 7 பதினெட்டு 126. வெறும் வயிற்றில் இந்த இடத்திலிருந்துதான் நீரிழிவு என்ற பெயரே தொடங்குகிறது. கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினினில் கதை தலைகீழ். அங்கே 106 என்று வந்தால் இங்கே இருப்பவர்கள் கிட்னி போய்விட்டதாக அலறுகிறார்கள். அது நம் கணக்கில் 1.2.

நான் காரைக்குடியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறவன். இந்த ரிப்போர்ட்டுகள் தினமும் என் கையில் புரள்வதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவத்தில் தரப்படுத்தப்பட்ட சொற்களும் வரையறைகளும் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. அவை கம்ப்யூட்டருக்குள்ளும் டாக்டர்களின் புத்தகங்களுக்குள்ளும் மட்டும் கிடக்கின்றன. நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போகும் தாளில் அவை தமிழில் அச்சாக வேண்டும்.

முதலில் உயிரை வாங்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கொண்டுவரும் குப்பி மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. வெளிநாட்டுக் குப்பியில் இங்கே வாங்கிய சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டு 20 கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது 20 யூனிட் இல்லை, 50. பெரியவர்கள் சர்க்கரை இறங்கி மயங்கி விழ இது போதும். 'யூனிட்' என்று வாயால் சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சொல் முழுமை. ஊருக்கு வருபவர்கள் இன்சுலினோடு அங்கே வாங்கிய சிரிஞ்சையும் கொண்டுவாருங்கள். இன்சுலின் பேனாவாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நோயின் பெயருக்கும் இதே கதிதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 105 என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் அவர் நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார், ஏனென்றால் அவர்கள் எல்லை 100. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 110, ஆக அங்கே அவருக்கு ஒன்றுமில்லை. ரத்த அழுத்தத்துக்கு நாம் பெரும்பாலும் 140/90 என்று வைத்திருக்கிறோம். அமெரிக்க இதயச் சங்கங்கள் 2017-இல் 130/80-க்கு இறக்கிவிட்டன. அறிவிப்பு வந்த அன்றைக்கு ராத்திரி தூங்கப் போனவர்களில் எத்தனையோ பேர் மறுநாள் நோயாளிகளாக எழுந்தார்கள், உடம்பில் ஒரு மாற்றமும் இல்லாமல். இதைக் கேட்டதும் "பாத்தியா, எல்லாம் மாத்திரை கம்பெனி வேலை" என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லையை எங்கே வைத்தால் எத்தனை பேரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றலாம் என்று பார்த்துத்தான் வைக்கிறார்கள். அதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு வருவது இயல்பு. எந்த எல்லையை வைத்து எனக்கு இந்தப் பெயரைக் கொடுத்தீர்கள் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான்.

வரையறை என்பது நமக்குப் புதிதும் இல்லை. செட்டிநாட்டு நகரத்தாரின் கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. கல்யாணமாகாத பையன் லட்சம் லட்சமாகச் சம்பாதித்தாலும் புள்ளி ஆக மாட்டான். ஒருவரை மதிப்பதும் மதிக்காததும் இதில் இல்லை, வரி பிரிக்க எண்ண வேண்டும், எண்ணுவதற்குக் கோடு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பேறுகால மரணத்தை வரையறுப்பதும் அப்படித்தான். கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, அதனால் வந்த அல்லது அதனால் முற்றிய காரணத்தால் தாய் இறந்திருக்க வேண்டும். குழந்தை 2500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைவு. சரியாக 2500 என்றால் அந்தக் கணக்கில் வராது. கோடு கொஞ்சம் இரக்கமற்றதாகத் தெரியும். ஆனால் காரைக்குடிக் கணக்கையும் கென்யாக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு வழியில்லை.

எங்கள் துறையில் லாயின்க் என்று ஒரு குறியீட்டுத் தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கியது, எல்லோருக்கும் இலவசம். ஒரு பரிசோதனையை அது ஆறு கேள்விகளால் பிடிக்கிறது: எதை அளக்கிறோம், எந்த வகை அளவு, எந்த நேரத்தில், எந்த மாதிரியில், விடை எண்ணா சொல்லா, எந்த முறையில். அதனால் நம்மூர்க் குளுக்கோஸுக்கு 2345-7 என்று ஒரு எண்ணும், பெரியப்பாவின் குளுக்கோஸுக்கு 14749-6 என்று வேறு எண்ணும் இருக்கின்றன. முகப்பில் நடந்த அந்த ஏழா 126-ஆ குழப்பத்தை யாரோ முன்கூட்டியே தீர்த்து வைத்துவிட்டார்கள். நோய், அறிகுறி, சிகிச்சை எல்லாவற்றுக்கும் ஸ்னோமெட் சி.டி. என்ற சொல் தொகுப்பு இருக்கிறது. இந்தியா 2014-இல் அதில் உறுப்பினரானதால் இங்கே உரிமக் கட்டணமும் கிடையாது.

இருந்தும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். எங்கள் உறவில் ஒருவருக்கு ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் 'எம்.எஸ்.' என்று மட்டும் இருந்தது. இதய வால்வு சுருங்கியதையும் அப்படி எழுதலாம், நரம்பைத் தாக்கும் வேறொரு நோயையும் அப்படியே எழுதலாம். அடுத்து மதுரைக்குப் போனபோது அங்கே இருந்த டாக்டர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. 'ஆர்.டி.ஏ.' என்பது சாலை விபத்தா, சிறுநீரகக் கோளாறா? ஆங்கிலத்தில் யூனிட் என்பதற்கு ஒற்றை 'யூ' எழுத்தைக் கிறுக்கினால் அது சுழியாகத் தெரிந்து 10 நூறாகிவிடும் என்பதால் அமெரிக்காவில் அந்தச் சுருக்கத்தையே தடைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இங்கே இன்னும் சர்வ சாதாரணம்.

இறப்புச் சான்றில் நடப்பது இன்னும் மோசம். ஆஸ்பத்திரி மரணத்துக்குப் படிவம் 4, வீட்டு மரணத்துக்கு 4ஏ. அதில் கேட்பது மரணத்தில் முடிந்த சங்கிலியை எந்த நோய் தொடங்கி வைத்தது என்பதை. இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று எழுதக் கூடாது என்று படிவத்தின் அறிவுரையே சொல்கிறது. எல்லோருக்கும் கடைசியில் இதயம்தானே நிற்கும்! ஆனாலும் அதையே எழுதுகிறார்கள். இருபது வருடச் சர்க்கரை, அதனால் பழுதான கிட்னி, டயாலிசிஸ், அப்புறம் மரணம் என்பதெல்லாம் ஒரே சொல்லில் மறைந்துபோகிறது. 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் பெர்த்தியோன் மரணக் காரணப் பட்டியல் போட்டதிலிருந்து 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 வரை நூறு வருடத்துக்கு மேல் செய்த வேலை அந்த ஒரு வரியில் வீணாகிறது. சிவகங்கை மாவட்டத்துக்கு இன்னும் எத்தனை டயாலிசிஸ் மெஷின் வேண்டும் என்று பிறகு எதை வைத்துக் கணக்குப் போடுவது?

சித்த மருத்துவத்துக்கும் 2024 ஜனவரியில் ஐ.சி.டி.-11-இல் ஒரு பகுதி வந்திருக்கிறது. நல்லது. குறியீடு கிடைத்ததையே மருந்து பலிக்கிறது என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள் சிலர். அது எண்ணுவதற்கான ஏற்பாடு மட்டுமே.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. லேப் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே தமிழில் ஒரு வரி: அலகு என்ன, எல்லை என்ன, யார் வகுத்த எல்லை. டிஸ்சார்ஜ் தாளில் நோயின் பெயர் சுருக்கமில்லாமல் முழுதாக. இதை எங்கள் வட்டாரத்தில் ஒரு லேப் முதலாளியிடம் சொன்னேன். "தம்பி, ஒரு பக்கத்துல அடங்காது, பேப்பர் செலவு கூடும்" என்றார். அவர் தாளின் மேல் கால்பக்கத்தை லோகோவும் கட்டடத்தின் வண்ணப் படமும் எட்டு போன் நம்பரும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. படத்தை எடுத்தாலே ஆறு வரிக்கு இடம் கிடைக்கும்.