தாவரச் சூழலியலாளர் தேவை, தாவரம் தெரிய வேண்டியதில்லை

தாவரச் சூழலியலுக்கு ஒரு உதவிப் பேராசிரியர் எடுக்க எங்கள் துறை படும் பாடு, இல்லை, விண்ணப்பித்தவர்களைப் படுத்தும் பாடு இருக்கிறதே, வயிறு எரிகிறது.

விளம்பரத்தில் களப்பணி அனுபவம் கேட்டார்கள். சரி. கூடவே மரபணு வரிசையாக்கம், செயற்கைக்கோள் படப் பகுப்பாய்வு, கணித மாதிரி, ட்ரோன், வெளியிலிருந்து நிதி பெற்ற வரலாறு எல்லாம் வேண்டுமாம். எடுக்கப்போவது ஒரு ஆளையா, ஒரு துறையையே மொத்தமாகவா? இவ்வளவும் கேட்டவர்களுக்கு, செடிகளைப் பார்த்து இனம் சொல்லத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. அதற்கெல்லாம் இப்போது ஆப் வந்துவிட்டதாம். பூவும் காயும் இல்லாமல் நாலு இலை மட்டும் விட்டிருக்கும் நாற்றை அந்த ஆப்பிடம் காட்டிவிட்டு வந்து பேசுங்கள் ஐயா.

அப்புறம் அந்த எக்செல் தாள். விண்ணப்பங்களை வடிகட்டியது அதுதான், மனிதர்கள் இல்லை. கட்டுரை வெளிவந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரையெல்லாம் கூட்டி, மேலிருந்து கீழே வரிசைப்படுத்தி, நடுவில் ஒரு கோடு. ஒரு இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அந்த எண். அது இதழின் கணக்கு, ஆளின் கணக்கு இல்லை. வேலைக்கு ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. எங்கள் பல்கலைக்கழகமும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. வேடிக்கை!

இரண்டு ஆண்டில் ஒரு மரம் எவ்வளவு பருத்துவிடும்? பல காட்டு மரங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், 50 ஹெக்டேர் காட்டில் 1 செ.மீ. விட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, 1980களிலிருந்து ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் லாஸும் கில்பர்ட்டும் 1856இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. எந்த உரம் போட்டால் வைக்கோல் கூடும் என்று பார்க்கத் தொடங்கியது அது. உரம் போடப் போட எந்தெந்த இனங்கள் மறைகின்றன என்பதை அங்கிருந்துதான் உலகம் கற்றது. எங்கள் மூன்றாண்டு மதிப்பீட்டில் அந்த இருவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கோட்டைத் தாண்டி வந்தவர்களில் ஒரு பெண் உண்மையிலேயே களத்து ஆள். நிலையான ஆய்வுச் சதுரங்களில் நாற்றுகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறார். தாய்மரத்தின் காலடியில் முளைப்பவை ஏன் அதிகம் சாகின்றன, அந்த இனத்தையே தேடித் தின்னும் பூச்சியும் பூஞ்சையும் அங்கே எப்படிக் குவிகின்றன, அதனால் எப்படி ஒரே இனம் காடு முழுவதையும் பிடிக்க முடியாமல் போகிறது என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. குழுவின் மூத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இதுல பேட்டன்ட் எதுவும் வருமாம்மா?” அடுத்தவருக்கு, ஆய்வகம் இல்லாமல் எப்படி ஆராய்ச்சி செய்கிறார் என்று சந்தேகம். காடுதான் ஆய்வகம் என்றார் அந்தப் பெண். சிரித்தார்கள். குழுவில் தாவரச் சூழலியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இத்தனைக்கும் வேலையில் சேரப்போகிறவர் தலையில் விழப்போவது என்ன? வகைப்பாட்டியல் பாடம் எடுக்க ஆள் இல்லை, எடுத்தவர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிப்போவது, உலர்தாவரத் தொகுப்பைப் பூச்சி அரிக்காமல் காப்பது, வளாகத்தில் மரம் சாய்ந்தால் பதிவாளர் அலுவலகத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். இதில் எதற்கும் அந்த எக்செல் தாளில் கட்டம் கிடையாது.

“தகுதியானவர் கிடைக்கவில்லை” என்று கோப்பை மூடிவிட்டு இப்போது மறுவிளம்பரம் தயாராகிறது. வெளியிலிருந்து ஒரு தாவரச் சூழலியலாளரைக் குழுவில் சேருங்கள், விண்ணப்பித்தவரோடு வளாகத்துப் புதர்க்காட்டில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், கண்ணில் படுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வரைவு திரும்பி வந்தது. தகுதிப் பட்டியலில் செயற்கை நுண்ணறிவு சேர்ந்திருக்கிறது.