சாப்பிட்டீர்களா என்று கேட்காத ஜெபம்

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு நின்றோம். ஆனையூர் இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து வருகிற ஓர் அக்கா என் பக்கத்தில் வந்தார். எட்டு ஒன்பது வருடமாக எங்கள் ஆலயத்துக்கு வருகிறவர், எப்போதும் கடைசிப் பெஞ்சில் சுவரோரம் உட்காருவார். "தம்பி, உக்ரைனுக்கு ஜெபிச்சீங்கள், காசாவுக்கு ஜெபிச்சீங்கள், நல்லது. எங்கட முகாமுக்கும் ஒருக்கா ஜெபிக்கச் சொல்லுங்கோவன்" என்றார். அவர் குரலில் கோபமோ குறையோ இல்லை. சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரையில் சபைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும், மன்றாட்டு ஜெபம் எப்படிப் போகும் என்று. நீட் எழுதுகிற பிள்ளையின் பேர் வரும், பைபாஸ் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற தாத்தாவின் பேர் வரும், எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது வார்டு என்பது வரைக்கும் வரும். அப்புறம் யுத்தத்தாலும் உபத்திரவத்தாலும் பாடுபடுகிற தேசங்களுக்காக என்று ஒரே ஒரு வரி. சூடான், மியான்மர், உக்ரைன், மணிப்பூர் எல்லாம் அதற்குள் அடங்கிவிட வேண்டும். அந்த வரியை நானே எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அதனால் யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்காகப் பேர் சொல்லிக் கெஞ்சத் தெரிந்த நமக்கு, வீடிழந்தவன் பிள்ளைக்காக மட்டும் ஏன் மொத்தமாக, பேரில்லாமல் ஜெபிக்க வருகிறது என்பதுதான் என் கேள்வி.

போப் பிரான்சிஸ் செய்த ஒரு காரியம் என்னை விட்டுப் போகவே இல்லை. 2023 அக்டோபரில் காசாவில் போர் தொடங்கியதிலிருந்து, அங்கே இருக்கிற ஒரே கத்தோலிக்க ஆலயமான திருக்குடும்ப ஆலயத்துக்கு அநேகமாகத் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார். அவரே ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோதும் கூப்பிட்டார். இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். நாம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற அதே கேள்வி! நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரன், போப்பாண்டவரின் உபதேசம் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு உண்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த போன் ஜெபம்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் 2025 ஏப்ரல் 21 அன்று போய்விட்டார். அதே ஆலயத்தில் அந்த வருடம் ஜூலை 17 அன்று ஷெல் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள் என்று படித்தபோது, தெரிந்தவர் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருந்தது எனக்கு. என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்த வீடு அல்லவா.

சரி, ஆனையூர் எங்கே இருக்கிறது? காசா மாதிரி தூரத்திலா இருக்கிறது? டவுன் பஸ் போகிற தூரம். ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி என்று நம் மாவட்டத்திலேயே முகாம்கள் இருக்கின்றன, தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேல். 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், 1990இல் வந்தவர்கள், கடைசிப் போரின்போது வந்தவர்கள். 2021இல் அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றியது, பல இடங்களில் புது வீடும் கட்டிக் கொடுத்தது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், டிகிரி முடித்த பையனுக்குக் குடியுரிமை இல்லாததால் அரசு வேலை கிடையாது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் என்று மூன்று நாட்டைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தவர் யார், எந்த ஊர் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

அந்த அக்காவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம் தெல்லிப்பழை. அடுத்த வாரம் முகாமுக்குப் போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரியும். 1990இல் ராணுவம் பலாலித் தளத்தை விரித்துக்கொண்டு வர, ஊரே காலியாகி, கையில் குழந்தையோடு மன்னாருக்கு வந்து அங்கிருந்து படகேறியவர். பிளேன் டீ கொடுத்துக்கொண்டே, "உங்கட மதுரை மிஷனே எங்கட பக்கத்தாலதானே வந்தது தம்பி" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஏனென்றால் சபையின் நூற்றாண்டு மலரில் அதைப் படித்துவிட்டு மறந்தவன் நான். 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் வேலை தொடங்கியது. அங்கிருந்துதான் 1834இல் மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள், அவர்களோடு யாழ்ப்பாணத் தமிழ் ஊழியர்களும் வந்தார்கள். அமெரிக்கன் கல்லூரியும் மிஷன் ஆஸ்பத்திரியும் அந்த வேரில் முளைத்தவைதான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாகச் சேர்ந்தது. நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த ஊரின் பிள்ளைகள் அகதியாக நம் வாசலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாம் அவர்களைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம். கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை போய் கேக்கும் போர்வையும் கொடுத்து, வரிசையில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த போட்டோ எடுப்பதை மட்டுமாவது விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

உதவி என்று பேச்சு வந்துவிட்டது, அதனால் துணி மூட்டைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 மே 3 அன்று மணிப்பூரில் குக்கி, மெய்தி இன மக்களுக்கு இடையே கலவரம் வெடித்து, அறுபதாயிரம் பேர் வரைக்கும் வீட்டை விட்டு ஓடினார்கள். எங்கள் சபையிலும் உடனே துணி சேகரித்தோம், நல்ல மனதோடுதான். ஹாலில் முப்பது மூட்டைக்கு மேல் சேர்ந்தது. பிரித்துப் பார்த்தோம். ஊக்கு போன ஜாக்கெட், ஜரிகை கிழிந்த பட்டுப்பாவாடை, ஒற்றைச் செருப்பு, மஞ்சள் கறை போகாத வேட்டி. இங்கே படிக்கிற ஒரு மணிப்பூர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினோம். அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், எங்கள் அம்மா சேலை கட்ட மாட்டார்கள் அங்கிள், முகாமில் கொசுவலையும் அரிசி வேகவைக்கப் பெரிய பாத்திரமும்தான் இல்லை என்றது. லாரி வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பணத்துக்கே அங்கே கடையில் கொசுவலை வாங்கிவிடலாம். வாங்கினோம். அங்கே ஊழியம் செய்கிற ஒரு சபைக்குப் பணமாக அனுப்பினோம், அவர்கள் ரசீதும் அனுப்பினார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பட்டுப்பாவாடை இந்நேரம் சுராசாந்த்பூர் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, வாட்ஸ்அப். ஆப்கானிஸ்தானில் மிஷனரிகளுக்கு நாளை மதியம் மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், பத்து பேருக்கு அனுப்புங்கள் என்று ஒரு செய்தி வரும். பதினைந்து வருடத்துக்கு மேல் சுற்றுகிற பொய் அது. அந்த "நாளை மதியம்" இன்னும் வரவில்லை. 2007இல் தென்கொரியச் சபை ஒன்றைச் சேர்ந்த 23 பேரைத் தாலிபான்கள் கடத்தி, அதில் இரண்டு பேரைக் கொன்றது உண்மை. அவர்களுக்காக அழுவோம். ஆனால் பொய்யைச் சுமந்துகொண்டு தேவ சந்நிதியில் நிற்கக் கூடாது. மெய்யாகவே பாடுபடுகிறவன் சொல்லும்போது ஊர் நம்பாமல் போவதற்கு அதுதான் காரணமாகிறது. ஒடிசாவின் கந்தமாலில் 2008 ஆகஸ்டில் கிறிஸ்தவர்களின் வீடுகளைக் கொளுத்தியபோது காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் ஆயிரக்கணக்கான பேர், 2014இல் ஈராக்கின் மோசூலில் வாசல் கதவில், கிறிஸ்தவர் என்று காட்டும் "நூன்" என்ற அரபி எழுத்தை எழுதித் துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மெய்யான துக்கம் இவ்வளவு இருக்கும்போது பொய் எதற்கு?

நம்ம ஆட்களுக்கு மட்டும் செய்தால் போதாதா என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, மணிப்பூர் நிதிக்கு முதல் ஆளாகப் பணம் கொடுத்தவரே அவர்தான். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை, அங்கேயே சொன்னேன். மணிப்பூரில் குக்கி மக்களின் ஆலயங்களும் எரிந்தன, மெய்தி கிறிஸ்தவர்களின் ஆலயங்களும் எரிந்தன, மெய்தி இந்துக் குடும்பங்களும் முகாமில்தான் படுத்திருந்தன. ஆனையூரில் முருகனைக் கும்பிடுகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் பக்கத்துப் பக்கத்து வீடு. அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நீ யார் என்று கேட்பவன், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டவன் மாதிரிதான். பசித்தவனிடம் பசியாறு என்று வாயால் மட்டும் சொன்னால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார், பசித்தவன் எந்தச் சபை என்று அவர் கேட்கவில்லை. 1693இல் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் வெட்டுப்பட்ட ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. அந்த மண் யாரையும் பிரித்துப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஜெபம் மட்டும் போதுமா என்று கேட்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெபம் வேலை செய்யும் என்று நான் முழு மனதாக நம்புகிறேன். முகாமில் எல்லாரும் கடைசியாகக் கேட்டது பணத்தை இல்லை, எங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதைத்தான். விவரம் தெரிந்து ஜெபித்தால், என்ன செய்ய வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஆயரிடம் பேசினேன். மறுப்பே சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, முகாமிலிருந்து வருகிற குடும்பங்களே மன்றாட்டுக் குறிப்பு எழுதித் தருவது, அதை அப்படியே வாசிப்பது, அவர்களே விரும்பினால் அவர்களே வாசிப்பது என்று முடிவானது. இந்த மாதம் அந்த அக்கா ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்தார். மேலே "உயிரோடிருப்பவர்கள்" என்று போட்டு, மகளின் நர்சிங் மூன்றாம் வருட ஃபீஸ், பக்கத்து வீட்டு ஐயாவின் கண் புரை ஆபரேஷன், பாஸ்போர்ட்டுக்கு அலைகிற ஒரு தம்பி. கீழே "கர்த்தருக்குள் நித்திரையானவர்கள்" என்று போட்டு, அம்மாவின் பேரும் அப்பாவின் பேரும். அடுத்து நாலு விரற்கடை இடம் விட்டு, தலைப்பே இல்லாமல், தாளின் அடியில் ஒரே ஒரு பேர். அவருடைய தம்பி. 2009 மே மாதம் வன்னியில் கடைசியாகப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம்.

"இவரை எதில வாசிக்கிறது அக்கா?" என்று ஆயர் கேட்டார்.

"எனக்குத் தெரியேல்ல ஐயா. பேரை மட்டும் வாசியுங்கோ."

வாசித்தார்.