மக்கள் ஆதரவு என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

கிளர்ச்சிகள் ஏன் ஜெயிக்கின்றன, ஏன் தோற்கின்றன என்று சனிக்கிழமை நடந்த நேரலை விவாதத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "மக்கள் ஆதரவு இருந்தால் கிளர்ச்சி ஜெயிக்கும், இல்லையென்றால் தோற்கும், இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்ற அந்தத் துண்டுக் காணொளியை இன்னும் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். அதுவும் மலாயாவை (இன்றைய மலேசியாவின் தீபகற்பப் பகுதி) உதாரணம் காட்டி. மனசு கேட்கவில்லை.

ஜெயித்தால் ஆதரவு இருந்தது, தோற்றால் இல்லை. இது முடிவைப் பார்த்துவிட்டுக் காரணம் எழுதுவது. அரிசி எங்கிருந்து வந்தது, துப்பு யார் கொடுத்தார், புதிதாக யார் சேர்ந்தார், எல்லைக்கு அப்பால் யார் இருந்தார் என்று வருடவாரியாகப் பார்த்தால்தான் அது ஆய்வு.

மலாயாவையே எடுங்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி அவசரநிலை அறிவித்தது. கம்யூனிஸ்ட் படை உச்சத்தில் ஏழெட்டாயிரம் பேர். அவர்களுக்குச் சோறும் தகவலும் போனது பெரும்பாலும் காட்டோரம் பட்டா இல்லாமல் பயிர் செய்த சீனக் குடும்பங்கள் வழியாக. 1950இல் பிரிட்டிஷாரின் பிரிக்ஸ் திட்டம் கைவைத்தது அங்கேதான். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். வாசலில் சோதனை, அரிசிக்கு ரேஷன். டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும், பதுக்கினால் கெட்டுவிடும். சில இடங்களில் அரிசியே கையில் தரவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறுதான். அந்த வெக்கையில் அது மறுநாளே ஊசிப்போகும். காட்டுக்குள் பயிர் வைத்தால் விமானத்திலிருந்து தெரியும். அந்த மக்களின் அனுதாபம் அப்படியே இருந்திருந்தாலும் கொடுக்கக் கையில் அரிசி இல்லை. "ஆதரவு" என்ற சொல் இதில் எதை விளக்குகிறது?

பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் வந்து மனங்களை வென்றார் என்றும் விவாதத்தில் சொன்னார்கள். அவர் வந்தது 1952 பிப்ரவரி. குடிமாற்றத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பொதுமக்களைப் பாதிக்கும் தாக்குதல்களைக் குறைக்கச் சொல்லிக் கம்யூனிஸ்ட் கட்சியே உத்தரவு போட்டது 1951 அக்டோபரில். எது முன், எது பின் என்றுகூடப் பார்க்காமல் எப்படிப் பேசுகிறீர்கள்?

"அப்போ அடக்குமுறைக்கு வக்காலத்தா?" என்று உடனே வருவீர்கள். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதை நியாயப்படுத்த எனக்கு வாய் வராது. எப்படி நடந்தது என்று கேட்பது வேறு, நடந்தது சரி என்பது வேறு. இதைக்கூடச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வலிக்கிறது.

வேலி மட்டும் போதுமென்றால் தென்வியட்நாமில் போட்ட அதே மாதிரி வேலிக் கிராமங்கள் ஏன் பலிக்கவில்லை? மலாயாவில் வேலை செய்த பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் தாம்ப்சன்தான் அங்கும் ஆலோசகர். ஆனால் அங்கே பாட்டன் பூட்டன் சமாதி இருந்த நிலத்திலிருந்து பலரைக் கிளப்பினார்கள். 1962இலிருந்து கணக்குக் காட்டும் அவசரத்தில் காவலுக்கு ஆள் பழகுமுன்பே அடுத்த கிராமத்துக்கு வேலி போட்டார்கள். லாவோஸ் வழியாக ஆளும் ஆயுதமும் வந்துகொண்டே இருந்தன. மலாயாக் காட்டுக்கு அப்படி ஒரு பாதை இல்லை. கிரேக்கக் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியில் 1949 ஜூலையில் பக்கத்து யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ எல்லையை மூடினார், ஆகஸ்டு முடிவில் கிளர்ச்சியாளர்களின் கோட்டையான கிராமோஸ் மலை விழுந்தது. எல்லை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

கியூபாவைக் காட்டுகிறவர்கள் பொலிவியாவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கியூபாவில் ஜெயித்த அதே சே குவேரா பொலிவியாவில் தோற்றார். அங்கே 1952 புரட்சிக்குப் பிறகு விவசாயிகளுக்கு நிலம் போயிருந்தது. அவருடைய ஆட்கள் கெச்சுவா மொழி படித்தார்கள், அவர்கள் சுற்றிய வட்டாரத்தில் பேசியது குவாரனி. ஜெயித்ததை மட்டும் படித்தால் இதெல்லாம் கண்ணிலேயே படாது.

கடைசியாக, அதிகம் உறுத்தியது. "தோட்டத் தமிழர்கள் கிளர்ச்சியை ஆதரிக்கவில்லை" என்று அந்த விவாதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன எஸ். ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். அந்தக் கூட்டமைப்பையே 1948 ஜூனில் சட்டத்தைத் திருத்தி இல்லாமல் செய்தார்கள். ரிவால்வர் வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு சங்கத் தலைவரான வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். தோட்டத்துக்கும் இயக்கத்துக்கும் நடுவே இருந்த ஆட்களை முதல் வருடமே அறுத்துவிட்ட பிறகு, அந்த மக்கள் எதை ஆதரித்தார்கள் என்று எதை வைத்து அளந்தீர்கள்? தமிழில் நடந்த இரண்டு மணி நேர விவாதத்தில் அந்த இரண்டு பெயர்களும் ஒருமுறைகூட வரவில்லை.