பந்தியில் என் பிள்ளையைக் கைகாட்டிய மாமாவுக்கு

கும்பகோணத்துக் கல்யாணத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் கதை வந்திருக்கும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று ஒரு லண்டன் டாக்டரின் ஆராய்ச்சியை மாமா பந்தியில் எடுத்துவிட்டார். அந்த ஆராய்ச்சி பொய்.

என் மகனுக்கு ஆட்டிசம்; பேச்சு, பழகும் விதம், சத்தத்தைத் தாங்குவது எல்லாம் வேறு மாதிரி. கெட்டிமேளம் கொட்டியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவனுக்குத் தவில் ஆகாது. ஆனால் வயலில் போர்செட் ஓடினால் குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பான். அது அவன் கணக்கு. இதைப் பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் மாமா, பந்தியில் ரசம் வரும் நேரத்தில், என் நாத்தனார் மகளிடம் சொன்னார்: “ஒன்பதாம் மாச ஊசிய போட்டுடாதே. இந்தப் பையனப் பாத்தியா? லண்டன் டாக்டரே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கான்.” அவள் மடியில் எட்டு மாதக் குழந்தை; மணல்வாரி அம்மை ஊசிக்கு நாள் நெருங்குகிறது.

அந்த டாக்டர் எழுதினார்தான் மாமா, இல்லை என்று சொல்லவில்லை. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 1998, லான்செட் என்ற மருத்துவ இதழ். மணல்வாரி, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று. எத்தனை குழந்தைகளை வைத்து? 12. பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது. கூட எழுதியவர்களில் 10 பேர் 2004-லேயே அந்த முடிவைக் கைகழுவிவிட்டார்கள். 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையையே திரும்பப் பெற்றது. மே மாதம் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் கும்பகோணத்துப் பந்தியில் அவர் டாக்டராகவே இருக்கிறார்.

“நீ மருந்துக் கம்பெனிக்குப் பேசுகிறாய்” என்று யாராவது வருவீர்கள். ஆமாம், மாதாமாதம் ஒரு மூட்டை பொன்னி அனுப்பிவைக்கிறார்கள். பணம் வாங்கியது யார் தெரியுமா? தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடவிருந்த வக்கீலிடம் வாங்கியவர் வேக்ஃபீல்டுதான். பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டி எடுத்தார்.

“ஊசி போட்ட பிறகுதானே பேச்சு நின்றது?” இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வராது. நானும் கேட்டிருக்கிறேன். அம்மா, தாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஒன்றரை வயதில் நிறுத்தினான். பூஸ்டர் ஊசி போட்டதும் அந்தச் சமயம்தான். ஆட்டிசம் வெளியே தெரியத் தொடங்குகிற வயதும் அதுதான் என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்? சின்னவள் பிறந்ததும் பயந்துபோய் ஊசியைத் தள்ளினேன். நர்ஸம்மா மூன்று தடவை வீடு தேடி வந்தார். மூன்று தடவையும் கொல்லையில் வைக்கோல்போர்ப் பக்கம் ஒளிந்தேன். நான்காம் தடவை கொல்லைவழியாகவே வந்துவிட்டார்! நல்ல வேளை, அதற்குள் மணல்வாரி வரவில்லை.

டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் அதிகமில்லை. ஜப்பானில் 1993-ல் அந்த முத்தடுப்பு ஊசியையே நிறுத்தினார்கள். அப்புறமும் யோகோஹாமாவில் ஆட்டிசம் குறையவில்லை. இன்னும் என்ன வேண்டும்? அந்த ஆராய்ச்சி பொய்.

பெரியவரை இப்படி எழுதலாமா என்பவர்களுக்கு: என் பிள்ளையைக் கைகாட்டும்போது அவருக்கு வயது நினைவு வந்ததா?

தாயைக் குற்றம் சொல்ல ஊசி இல்லையென்றால் வேறு ஒன்று கிடைக்கும், அது எனக்குத் தெரியும். கிரகணத்தன்று வெளியே வந்தாள். பிள்ளை கையில் போனைக் கொடுத்தாள். படித்த வெள்ளைக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். 1943-ல் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசம் பற்றி எழுதிய டாக்டர் லியோ கேனரே பெற்றோரிடம் பாசம் குறைவு என்று குறித்துவைத்தார். பிறகு பல வருஷம் “ஃப்ரிட்ஜ் அம்மா” என்று பெயர் வைத்துத் தாய்களைக் குத்தினார்கள். ஃப்ரிட்ஜாம். செவ்வாய்தோறும் விடியற்காலை பஸ்ஸில் தஞ்சாவூருக்கு, பயிற்சிக்கு, இவனை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான். பாபநாசம் வருவதற்குள் என் தோளில் எச்சில் வழியத் தூங்கிவிடுவான். அந்த ஈரத்தோடு நாள் முழுக்க இருப்பேன். எந்த மாமா வந்தார் கூட?

அன்று வாசலில் அவன் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். சாட்சிப் பொருளாக உள்ளே அவன் பெயர் அடிபட்டது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாயசத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நேற்று நாத்தனார் மகள் போன் பண்ணினாள். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிகிறது. “அத்தை, போடலாமா?” என்று ஒரு கேள்விதான். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் கூடப் போகிறேன். இவனையும் கூட்டிக்கொண்டுதான்.