இடுப்பு வளைவு நாற்காலி தந்த நோயா?

"ஆரோக்கியமான முதுகெலும்பு நேராக இருக்கும். கீழ்முதுகில் இருக்கும் வளைவு நாற்காலி வந்தபிறகு வந்த கோளாறு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. உட்காரும்போது அந்த வளைவு குறையத்தான் செய்யும். செய்தியை எழுதியவர் தன் முதுகைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

1947இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையில் இரண்டு காலில் நடந்த ஆதி மனித உறவினமான ஓர் ஆஸ்ட்ரலோபித்தகஸின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கிடைத்தன. வயது 20 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். அதன் கீழ்முதுகிலும் இதே வளைவுதான். நாற்காலிக்கு அங்கே ஏது வழி? இரண்டு காலில் நிற்க, உடலின் எடை இடுப்புக்கு நேர்மேலே வரவேண்டும். அதற்காகக் கீழ்முதுகு எலும்புகள் முன்பக்கம் சற்று உயரமாக, ஆப்பு வடிவில் அமைந்தன. பெண்களிடம் இந்த ஆப்பு வடிவம் கூடுதலான எலும்புகளில் பரவியிருக்கும்; கர்ப்பகாலத்தில் முன்னே சாயும் எடையைச் சமாளிக்க அது உதவுகிறது.

சரி, எல்லோருக்கும் ஒரே அளவு வளைவா? அதுவும் இல்லை. கீழ்முதுகுக்கு அடியில் இடுப்பெலும்போடு சேரும் முக்கோண எலும்பான திரிக எலும்பு அதிகம் சாய்ந்திருந்தால் கீழ்முதுகும் அதிகம் வளையும். சாய்வு குறைந்தால் வளைவும் குறையும். இரண்டும் சேர்ந்தே மாறும். எலும்புகளின் எண்ணிக்கையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. வழக்கமாகக் கீழ்முதுகில் 5 எலும்புகள். சிலருக்குக் கடைசி எலும்பு திரிகத்தோடு ஒட்டி 4 ஆகிவிடும், திரிகத்தில் ஒன்று கூடும். ஸ்கேன் அறிக்கையில் இப்படி இருந்தால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.